எரிகிறது, ஆனால் புரியவில்லை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 36. பி.காம். படித்துவிட்டு ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஆறு மாதமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டு மேசையில் எலக்ட்ரானிக்ஸ் கற்க முயல்கிறார். ஒரு கிட் வாங்கி, வீடியோக்களைப் பார்த்து 15 சர்க்யூட் வரை செய்துவிட்டாராம். கேள்விகள் மூன்று: அடுத்து எந்தக் கிட் வாங்குவது, எவ்வளவு செலவாகும், தியரியும் கணக்கும் முறையாகப் படிக்காமல் வீட்டிலேயே செய்துபார்த்துக் கற்க முடியுமா. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எல்லாம் எரிகிறது சார், ஆனால் ஒன்றும் புரியவில்லை." (பதில் எழுதுவது சார் அல்ல, ஒரு அம்மாள். பரவாயில்லை.) அவர் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தது வேலை செய்யும்போது ஏன் புரியாமல் போகிறது? அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற மூன்றும் சுலபம்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் என் தாய்மாமன் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் இருப்பேன். ரேடியோ கடையில் பெண் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு மாமா, "ஈயம் பற்றவைக்க என் கையைவிட அவள் கை நடுங்காது" என்று மட்டும் சொல்வார். பிறகு டிப்ளமா படித்து, புதுச்சேரியில் ஒரு பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பழுதுபார்ப்பும், பதினேழு வயதுப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பதும்தான். மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் எழுதுவதில் என் மாணவர்களே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ரேடியோ அலைவரிசைச் சுற்றுகளில் கடை அனுபவத்தைத் தாண்டி எனக்கு ஆழமில்லை. அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

மாமா கடையில் ஒரு சட்டம் இருந்தது. மீட்டர் முனையை எங்கே வைப்பதானாலும், வைப்பதற்கு முன் அங்கே எத்தனை வோல்ட் இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "சொல்லிவிட்டுத் தொடு" என்பார். தவறாகச் சொன்னால் திட்ட மாட்டார். சொல்லாமல் தொட்டால் கை மீது ஸ்க்ரூடிரைவர் பிடி விழும். அப்போது எரிச்சலாக இருக்கும். பல ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் நிற்கும்போதுதான் அந்த அடியின் அருமை தெரிந்தது. வீடியோ பார்த்துச் செய்யும் சர்க்யூட்டில் கேள்வியும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது; உங்கள் பங்கு துளையில் கம்பியைச் செருகியது மட்டும். எல்.இ.டி. எரிந்தால் கம்பிகளைச் சரியாகச் செருகியிருக்கிறீர்கள் என்ற ஒரே தகவல்தான் கிடைக்கிறது. கற்றல் தொடங்குவது நீங்கள் எழுதிய எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாத இடத்தில். நீங்கள் எண்ணே எழுதவில்லை என்றால், ஒத்துப்போகாமல் இருப்பதற்கும் ஒன்றுமில்லை.

ஆகவே புதிய கிட் வேண்டாம். செய்து முடித்தவற்றில் ஆகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்: 9 வோல்ட் சதுர பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர் (கரன்ட்டைத் தடுத்துக் குறைப்பது), ஒரு சிவப்பு எல்.இ.டி. சிவப்பு எல்.இ.டி. எரியும்போது அதன் இரு கால்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.9 வோல்ட் நிற்கும். மீதி 7.1 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழ வேண்டும். 7.1ஐ 470ஆல் வகுத்தால் கரன்ட் வரும்: சுமார் 0.015 ஆம்பியர், அதாவது 15 மில்லியாம்பியர். இதைத் தாளில் எழுதிவிட்டு அளந்து பாருங்கள். நீங்கள் கணக்கு எழுதுகிறவர். இது உங்களுக்கு அன்னியமான வேலையே அல்ல. பேட்டரி கொடுத்த வோல்ட்டும் வழியில் செலவான வோல்ட்டும் சரியாக நேராக வேண்டும். ஒரு சந்திப்பில் வந்து சேரும் கரன்ட்டும் வெளியேறும் கரன்ட்டும் சமமாக வேண்டும். கிர்க்காஃப் என்ற ஜெர்மானியர் 1845இல் சொன்ன இரண்டு விதிகள் இவைதாம். கல்லூரியில் இதற்குச் சமன்பாடுகள் போட்டு மிரட்டுவார்கள். நாள் முடிவில் கல்லாவை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப்பார்க்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஏதுமில்லை. 0.3 வோல்ட் இடிக்கிறதா? கடையில் முப்பது ரூபாய் இடித்தால் எப்படித் தேடுவீர்களோ அப்படித் தேடுங்கள். கம்பி செருகும் துளைப் பலகையான பிரெட்போர்டின் தளர்ந்த துளையிலோ, களைத்துப்போன பேட்டரியிலோ அது ஒளிந்திருக்கும்.

அடுத்து 470ஐ எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போடுங்கள். கரன்ட் 0.7 மில்லியாம்பியருக்கு வந்துவிடும், அதாவது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. வெளிச்சமும் இருபதில் ஒரு பங்காகத் தெரியுமா? எழுதிவிட்டுப் பாருங்கள். இன்றைய எல்.இ.டி. இருட்டறையில் நன்றாகவே தெரியும்; இருபதில் ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் கண் வெளிச்சத்தைக் கரன்ட்டின் விகிதத்தில் அளப்பதில்லை. பிறகு மறுபடியும் 470ஐ வைத்து, அந்தச் சிவப்புக்குப் பக்கவாட்டில் ஒரு நீல எல்.இ.டி.யை இணையுங்கள், இரண்டுக்கும் சேர்த்து அதே ஒரு ரெசிஸ்டர். ஆய்வகத்தில் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியைக் கேட்பேன். இரண்டும் பாதி வெளிச்சத்தில் எரியும் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். சிவப்பு மட்டும்தான் எரியும். நீலம் செத்ததுபோல் இருக்கும். சிவப்பைக் கழற்றியதும் நீலம் உயிர்பெறும். நீலத்துக்கு 3 வோல்ட் அளவில் வேண்டும்; சிவப்போ அந்த இடத்தை 1.9க்கு மேல் ஏற விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. டயோடு (எல்.இ.டி.யும் அந்த இனம்தான்) பற்றிய ஒரு முழு அத்தியாயத்தின் சாரம் இந்த ஐந்து நிமிட வேலையில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, 9 வோல்ட்டை இரு முனைக்கும் கொடுங்கள். நடுப்புள்ளியில் பாதி, அதாவது 4.5 வோல்ட். எழுதுங்கள், அளந்துபாருங்கள், சரியாக வரும். மனத்துக்கு இதமாக இருக்கும். இப்போது அந்த இரண்டையும் எடுத்துவிட்டு இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைப் போடுங்கள். இரண்டும் சமம்தானே, இப்போதும் பாதிதானே வர வேண்டும்? மஞ்சள் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டராக இருந்தால் 3 வோல்ட் பக்கத்தில் காட்டும். முதல்முறை இதைப் பார்க்கும் பிள்ளைகள் ரெசிஸ்டரை மாற்றுவார்கள், பேட்டரியை மாற்றுவார்கள், கடைசியில் மீட்டரைத் திட்டுவார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. முனையை வைத்த கணத்தில் மீட்டரும் சர்க்யூட்டின் ஓர் உறுப்பாகிவிட்டது. அந்த மலிவு மீட்டரின் உள்ளே 1 மெகா ஓம் அளவுக்குத் தடை இருக்கிறது. கீழ் ரெசிஸ்டரோடு அது பக்கவாட்டில் சேர்ந்து அரை மெகா ஓம் ஆகிறது. அரை மெகா கீழே, ஒரு மெகா மேலே; 9 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, 3 வோல்ட். சற்று விலை கூடிய மீட்டர்களில் உள்தடை 10 மெகா ஓம். அவற்றில் 4.3 பக்கம் காட்டும். அளப்பது என்ற செயலே அளக்கப்படுவதை மாற்றும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு வகை. தன் மேசையில், தன் மீட்டரிடம் ஏமாந்து தெரிந்துகொள்வது வேறு வகை. இதே 10 கிலோ ஓம் ஜோடியின் நடுவில் 4.5 வோல்ட் கிடைத்துவிட்டது என்று ஒரு பொம்மை மோட்டாரை இணைத்தும் பாருங்கள். அது அசையாது, வோல்ட்டேஜும் காணாமல் போய்விடும். ஏன் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மீட்டருக்கு நடந்த அதே கதைதான், இன்னும் மோசமாக.

அடுத்து, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர். 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை 10 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட்டில் இணைத்து, கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் இடையே அளங்கள் என்று சொல்லாமல், முதலில் கணக்கு: 1000 மைக்ரோஃபாரட், 10 கிலோ ஓம். பெருக்கினால் 10 வினாடி. அத்தனை வினாடியில் கெப்பாசிட்டர் பேட்டரியின் 63 சதவீதத்தை எட்டும், அதாவது 5.7 வோல்ட். செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, பத்து வினாடிக்கு ஒருமுறை மீட்டர் காட்டுவதை எழுதி, வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். நேர்கோடு வராது, ஏற ஏறத் தயங்கும். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவது போல என்று சிலர் விளக்குவார்கள், அது தவறான உவமை. நிறைந்த பெரிய அண்டாவையும் காலிக் குடத்தையும் அடியில் ஒரு மெல்லிய குழாயால் இணைத்தது போல என்று நினையுங்கள். இரண்டின் மட்டமும் நெருங்க நெருங்க ஓட்டம் குறைகிறது. உங்களுக்கு 5.7 வோல்ட் வர 10க்குப் பதில் 12 வினாடி ஆகலாம், 8.5 வினாடியிலும் வந்துவிடலாம். இந்த வகை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில் அச்சிட்ட மதிப்பிலிருந்து 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம். காலை மாற்றிச் செருகிவிடாதீர்கள். சூடேறி வெடிக்கும் சாதி அது.

உங்கள் 15 சர்க்யூட்டில் பாதிக்கு மேல் 555 ஐ.சி.யாகத்தான் (நேரம் கணக்கிட்டு மினுக்கவைக்கும் சில்லு) இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். ஹான்ஸ் கமன்சிண்ட் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1971இல் வடிவமைத்தது. இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டால் கணக்குப்படி நிமிடத்துக்கு 63 முறை மினுக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். 63 வராது. ஏன் வராது என்பது முந்தைய பத்தியிலேயே இருக்கிறது.

டிரான்சிஸ்டரில்தான் பலர் கையை உதறுகிறார்கள். அதற்குப் பாதிக் காரணம் புத்தகம், பாதிக் காரணம் கால் வரிசை. பி.சி.547இன் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் அப்படியே தலைகீழ். வீடியோவில் ஒன்று, கையில் வேறொன்று என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் வேலை செய்யாது. வாங்கியதன் பெயரை முதலில் படியுங்கள். பிறகு பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 470 ஓமும் எல்.இ.டி.யும் வழியாகக் கலெக்டருக்கு, எமிட்டர் நேரே பேட்டரியின் மைனஸுக்கு, பேஸிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஒரு கம்பி வெளியே, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து இன்னொரு கம்பி வெளியே. இரண்டு கம்பி முனைகளையும் ஒரே விரலால் தொடுங்கள். விரலின் வழியே ஓடும் கரன்ட் ஒரு எல்.இ.டி.க்கு எள்ளளவும் போதாது, ஆனாலும் எரிகிறது. அந்தச் சிறு கரன்ட்டைக் கொண்டு டிரான்சிஸ்டர் இருநூறு, முந்நூறு மடங்கு கரன்ட்டைத் திறந்துவிடுகிறது. விரலை நனைத்துத் தொட்டால் பளிச்சென்று எரியும். எத்தனை மடங்கு என்பது ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் மாறும். பி.சி.547க்கு 110 முதல் 800 வரை என்றே தயாரிப்பாளர்கள் கொடுக்கிறார்கள். மஞ்சள் மீட்டரில் அதை அளக்கும் சிறு துளைகள் இருக்கும். ஒரே பாக்கெட்டில் வாங்கிய பத்தை அளந்து பாருங்கள். அந்த மடங்கைத் துல்லியமாக நம்பி ஒரு சர்க்யூட்டை வடிவமைக்கக் கூடாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

இந்த விரல் சர்க்யூட்டையே நான் எங்கள் வீட்டு மேல்தொட்டிக்குப் போட்டேன். தண்ணீர் இருக்கும்வரை சமையலறையில் ஒரு பச்சை எல்.இ.டி. எரியும், தீர்ந்தால் அணையும். அக்கம்பக்கத்தில் கொஞ்சம் பெயரும் வாங்கினேன். சில வாரங்களில் தொட்டி நிறைந்திருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் பிளஸ் பக்கத்துச் செம்புக் கம்பி பச்சை பூத்து, அரித்து, பென்சில் முனைபோல் கூராகிப் போயிருந்தது. மைனஸ் கம்பி சுத்தமாக இருந்தது. ஒரே திசையில் ஓயாமல் கரன்ட் போனால் தண்ணீருக்குள் பிளஸ் முனை கரைந்துகொண்டே போகும். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் இன்னும் வேகம். முலாம் பூசும் பட்டறையில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை நான் இலவசமாகக் குடிநீர்த் தொட்டிக்குள் செய்துகொண்டிருந்தேன். பிறகு துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளாக மாற்றி, பொத்தானை அழுத்தும்போது மட்டும் கரன்ட் போகும்படி செய்தேன். சர்க்யூட்டைத் தாளில் பார்த்தவர்கள் யாரும் அதில் பிழை சொல்லியிருக்க முடியாது.

தியரியும் கணக்கும் வேண்டுமா என்ற கேள்விக்கு இதுவரை சொன்னதிலேயே பதில் இருக்கிறது. மேலே வந்ததெல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். ஒரு வருடத்துக்கு அது போதும் என்று உறுதியாகச் சொல்வேன். ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர், ரேடியோ என்று போனால் போதாது. அங்கே மாறுமின்னோட்டத்தின் கணக்கு வந்தே தீரும், அதைக் கையளவையால் மட்டும் ஈடுசெய்ய முடியாது. தியரியைச் சோதனைக்கு முன் படிப்பதா, பின் படிப்பதா? பின் படித்தால் பசியோடு சாப்பிட்டதுபோல் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இது என் ஆய்வகத்தில் பிள்ளைகளைப் பார்த்து வந்த எண்ணம். அங்கே தடுக்கியவுடன் பிடிக்க நான் பக்கத்தில் இருந்தேன். தனியாக, வேலை முடிந்து களைத்து, இரவு பத்து மணிக்கு உட்காரும் ஒருவருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஒரே சோதனையில் மூன்று இரவு சிக்கிக்கொண்டால் கௌரவம் பார்க்காமல் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள்.

செலவு. பிரெட்போர்டு, கம்பிகள், கலவையாக ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள், எல்.இ.டி.கள், பத்து பி.சி.547, இரண்டு 555, மஞ்சள் மீட்டர், பேட்டரி, எல்லாம் சுமார் 1000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். உங்களிடம் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருக்கும். மீட்டர் இல்லை என்றால் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும், வேறு எதையும் அல்ல. சில்லறைச் சாமான்களுக்குச் சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை. டி.வி. பழுதுபார்ப்பவரிடம் மரியாதையாகக் கேட்டால் பத்து ரெசிஸ்டரைச் சும்மாவே கொடுப்பார், கூடவே ஒரு மணி நேரம் கதையும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோ, பொம்மை, அடாப்டர் என்று கழற்றிப் பார்க்க நான் நிறைய வாங்கியிருக்கிறேன். அதில் அடாப்டர்களை மட்டும் இப்போது வாங்குவதில்லை. காரணம் கீழே வருகிறது. நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. ரெசிஸ்டர் கால்கள் கறுத்துப்போகும், பிரெட்போர்டின் உள் கவ்விகள் பிடி விடும். மூடி இறுக்கமான முறுக்கு டப்பாவில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைச் சேர்த்து வையுங்கள். கறுத்த காலை பிளேடால் சுரண்டிவிட்டுச் செருகுங்கள். நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்பாதை நடுவில் அறுந்திருக்கும், தயாரிப்பே அப்படி. மேல் பாதி எரிந்து கீழ் பாதி எரியாவிட்டால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு வளையங்கள் இரவு வெளிச்சத்தில் ஏமாற்றும். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் செருகும் முன் மீட்டரில் ஒருமுறை அளந்துவிடுவது வெட்கப்பட வேண்டிய பழக்கமல்ல.

மீட்டரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கரன்ட் அளக்கும் நிலையில் வைத்துவிட்டு, மறந்து, முனைகளைப் பேட்டரியின் இரு பக்கமும் வைத்தால் உள்ளே ஃபியூஸ் போகும். 27 ஆண்டில் நான் மாற்றிய ஃபியூஸ்களைக் கோத்தால் ஒரு மாலை கட்டலாம். தொடக்கத்தில் கரன்ட் நிலையையே தொடாதீர்கள். ரெசிஸ்டரின் மேல் விழும் வோல்ட்டை அளந்து ஓமால் வகுத்தால் கரன்ட் வந்துவிடுகிறது. இரண்டாவது, மீட்டரின் சொந்த பேட்டரி தேயும்போது பல மீட்டர்கள் எண்ணைக் கூட்டிக் காட்டும். பழைய பேட்டரி திடீரென்று 11 வோல்ட் என்று காட்டினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம்.

இனி சொல்வதில் சந்தேகத்துக்கோ கருத்து வேறுபாட்டுக்கோ இடமில்லை. முதல் ஆறு மாதம் பேட்டரி மட்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டோடு உங்கள் மேசைக்கு எந்த உறவும் வேண்டாம். பெயர் தெரியாத மலிவு அடாப்டர்களில் உயர் மின்பக்கமும் தாழ் மின்பக்கமும் உள்ளே சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. சித்திரை மாதத்து வியர்வைக் கையும் தரையில் வெறுங்காலுமாக அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. எல்லா வீட்டிலும் ஒரு கெட்டுப்போன கொசு பேட் இருக்கும், அதைத் திறக்கத்தான் எல்லோருக்கும் கை அரிக்கும். வலைக்குப் போகும் கெப்பாசிட்டரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். மலிவான பேட்டுகளில் சார்ஜ் செய்யும் பகுதி மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக்கில் செருகியிருக்கும்போது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைத் தொட்டாலும் 230 வோல்ட்டைத் தொட்டதுதான். கெட்டுப்போன எல்.இ.டி. பல்புகளும் பெரும்பாலும் அதே சாதி. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய பெட்டி டி.வி.யையும் திறக்கவே திறக்காதீர்கள். எனக்குப் பழக்கம் உண்டு, நானே மைக்ரோவேவைத் திறப்பதில்லை. லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த லித்தியம் செல்களும் இப்போதைக்கு வேண்டாம். முனைகள் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும். வீட்டு மின்பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இல்லை என்றால், எலக்ட்ரானிக்ஸ் கற்றாலும் கற்காவிட்டாலும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒன்று போட்டுவிடுங்கள்.

நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையான ஆர்டுயினோவிலிருந்து தொடங்குவதா என்பதில்தான் நல்ல ஆசிரியர்களுக்குள்ளேயே சண்டை. அதில் தொடங்கி, பின்னால் கீழிறங்கி டிரான்சிஸ்டரைப் புரிந்துகொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்வேன், ஏனென்றால் உங்கள் குறையே "எரிகிறது, புரியவில்லை" என்பது. நிரல் எழுதிய பலகை அந்தக் குறையை இன்னும் அழகாக மூடிவிடும். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங்கையும் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். 25 வாட் அயர்ன் போதும், ரோசின் (பற்றுப் பிடிக்க உதவும் பிசின்) உள்ளே வைத்த ஈயக் கம்பி போதும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் முனை ஆறிப்போய்ப் பற்று பிடிக்காது, விசிறியை நிறுத்தினால் கடலூர் மே மாதம் உங்களை ஆற விடாது. நான் விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்வேன். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

ஒரு கதையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது நான் கடலூரில்தான் இருந்தேன். கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டில் ஒரு யு.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கிடந்தது. வெள்ளை எல்.இ.டி. மூன்றைத் தொடராக இணைத்து 150 ஓம் போட்டால் 20 மில்லியாம்பியர். அப்படி ஆறு சரம், மொத்தம் 120 மில்லியாம்பியர், அதாவது 0.12 ஆம்பியர். 7ஐ 0.12ஆல் வகுத்து, 58 மணி நேரம் எரியும் என்று அடுத்த வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டாவது ராத்திரி பாதியில் மங்கிவிட்டது. பேட்டரி பழையது, மேலே அச்சிட்ட 7 என்பது அது புதிதாக இருந்தபோது சொன்னது. அத்தனை வருடம் பாடம் எடுத்தவளுக்கு அதைத் தாளில் எழுதும் முன் தோன்றவில்லை. "சொல்லிவிட்டுத்தானே தொட்டாய்" என்று மாமா சிரித்தார், அப்போது அவருக்கு எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இன்று இரவு அந்த இரண்டு 1 மெகா ஓம் சோதனையைச் செய்யுங்கள். பேட்டரியின் வோல்ட் எவ்வளவு, நடுப்புள்ளியில் மீட்டர் காட்டியது எவ்வளவு என்று இரண்டு எண்களை மட்டும் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள். உங்கள் மீட்டரை நான் பார்த்ததில்லை. அதன் உள்ளே எத்தனை ஓம் இருக்கிறது என்று சொல்கிறேன். அதற்குள் நீங்களே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.